எடைமேடை சொல்வது டேலிக்குக் கேட்கட்டும்: சேவைசார் கட்டமைப்பில் தரவு ஒருங்கிணைப்பு

வைகாசி மாதம். கிருஷ்ணகிரியிலிருந்து காவேரிப்பட்டினம் போகும் சாலையில் ஒரு மாங்கூழ் ஆலை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெங்களூரா மாங்காய் ஏற்றிய வண்டிகள் வாசலில் வரிசை கட்டி நிற்கின்றன. எடைமேடையில் ஏறி இறங்கும் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு சீட்டு. அந்தச் சீட்டு எண்ணை ஆய்வகத்தில் ஒருவர் எக்ஸெலில் அடித்து, பக்கத்தில் பழத்தின் இனிப்பைச் சொல்லும் பிரிக்ஸ் அளவைக் குறிக்கிறார். கொள்முதல் பிரிவில் இன்னொருவர் நோட்டில் எழுதுகிறார். மறுநாள் காலை கணக்குப் பிரிவில் மூன்றாமவர் அதையே டேலி என்ற கணக்கு மென்பொருளில் ஏற்றுகிறார். 8,640 கிலோ கைதவறி 6,840 ஆனால் 1,800 கிலோ காணாமல் போகிறது. கிலோ 20 ரூபாய் என்றால் 36,000 ரூபாய். சனிக்கிழமை பட்டுவாடாவில் விவசாயி சீட்டை நீட்டிக் கேட்கும்போதுதான் அது வெளியே வரும்.

ஒரே எண்ணை மூன்று பேர் மூன்று இடத்தில் அடிக்காமல், பிறந்த இடத்திலிருந்து தேவையான இடங்களுக்கு அதுவே போய்ச் சேரும்படி செய்வதுதான் தரவு ஒருங்கிணைப்பு. அதை ஒழுங்காகச் செய்ய ஒரு வழி, சேவைசார் கட்டமைப்பு. ஆங்கிலச் சுருக்கத்தில் எஸ்ஓஏ என்பார்கள். இரண்டுக்கும் வேண்டிய கருவிகள் ஓப்பன் சோர்ஸாகவே, அதாவது மூலநிரல் திறந்த மென்பொருளாகவே கிடைக்கின்றன.

முதலில் எல்லோரும் செய்யும் தவறு

ஆலையில் ஆறு மென்பொருள்கள் இருக்கின்றன: எடைமேடை, ஆய்வகம், உற்பத்தி, சரக்கிருப்பு, டேலி, பில்லை அரசின் தளத்தில் பதிவு செய்யும் இ-இன்வாய்ஸ். ஒவ்வொன்றையும் மற்ற ஒவ்வொன்றோடும் நேராக இணைத்தால் 15 இணைப்புகள் வேண்டும். வருகைப்பதிவு என்று ஏழாவது ஒன்று வந்தால் 21. எல்லா ஜோடிக்கும் இணைப்பு தேவைப்படாது என்பது உண்மைதான். ஆனாலும் பாதி அளவு வந்தாலே எந்த ஸ்கிரிப்ட் எங்கிருந்து எதை எடுக்கிறது என்று சொல்ல ஆள் இருக்காது.

வழக்கமாக நடப்பது இது. எடைமேடை மென்பொருள் தன் தரவை மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் என்ற சின்னத் தரவுத்தளக் கோப்பில் வைத்திருக்கிறது. சுறுசுறுப்பான ஒரு பையன் பைத்தானில் நாற்பது வரி எழுதி, அந்தக் கோப்பை நேராகத் திறந்து எடையை எடுத்து எக்ஸெலில் போட்டுவிடுகிறான். அந்தப் பருவம் முழுக்க நன்றாக ஓடுகிறது. அடுத்த வருடம் எடைமேடைக்காரர் புதுப் பதிப்பு போட்டுவிட்டுப் போகிறார், அதில் ஒரு நெடுவரிசையின் பெயர் மாறியிருக்கிறது. ஸ்கிரிப்ட் பிழை காட்டினால்கூடப் பரவாயில்லை, உடனே தெரிந்துவிடும். வெறும் பூஜ்யங்களை எடுத்து வந்து மூன்று நாள் அமைதியாகப் போட்டுக்கொண்டே இருந்தால்தான் வினை.

தப்பு பையன் மேல் இல்லை. ஒரு மென்பொருளின் உள்வீட்டுக்குள் இன்னொன்று நுழைந்து கையை விட்டதுதான் பிரச்சினை. உள்ளே எதை எங்கே வைப்பது என்பது அந்த மென்பொருளின் சொந்த விஷயம், நாளைக்கு மாற்றிவைக்கும்.

ஜன்னல் வழியாகக் கேட்பது

எடைமேடை அறைக்கு ஒரு ஜன்னல் இருக்கும். டிரைவர் உள்ளே வந்து, எடையைக் காட்டும் இண்டிகேட்டரைப் பார்ப்பதில்லை. ஜன்னலில் கேட்கிறார், சீட்டு வெளியே வருகிறது. உள்ளே இண்டிகேட்டரை மாற்றினாலும், கணினியை மாற்றினாலும், ஆளையே மாற்றினாலும் ஜன்னலும் சீட்டின் வடிவமும் மாறாதவரை டிரைவருக்குக் கவலை இல்லை.

சேவை என்பது அந்த ஜன்னல். சேவைசார் கட்டமைப்பு என்றால், நிறுவனத்தின் ஒவ்வொரு மென்பொருளும் ‘என்னிடம் இன்னின்ன கேட்கலாம், இந்த வடிவத்தில் பதில் வரும்’ என்று ஒரு ஜன்னலைத் திறந்துவைப்பது. அந்த வாக்குறுதிக்கு ஒப்பந்தம் என்று பெயர். 2000களின் தொடக்கத்தில் இதை சோப் என்ற நெறிமுறையில், எக்ஸ்எம்எல் வடிவத்தில் செய்தார்கள். இப்போது பெரும்பாலும் ரெஸ்ட் என்ற முறையில் அமைந்த ஏபிஐ, அதாவது ஒரு மென்பொருள் இன்னொன்றைக் கேட்கும் ஜன்னல்; பதில் ஜேசன் என்ற எழுத்து வடிவத்தில் வரும். வங்கிகளிலும் பெரிய நிறுவனங்களிலும் சோப் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. மைக்ரோசர்வீஸ் என்று பின்னால் வந்ததும் இதே சிந்தனையை இன்னும் சின்னத் துண்டுகளாக வெட்டியதுதான்.

எடைமேடையின் ஒப்பந்தம் இப்படி இருக்கலாம். நடைமுறையில் புலப் பெயர்களை ஆங்கிலத்தில் வைப்பார்கள், இங்கே புரிவதற்காகத் தமிழில்:

{
  "சீட்டு": "மேடை1-4518",
  "வழங்குநர்": "வ-0372",
  "ரகம்": "பெங்களூரா",
  "மொத்த_எடை_கிலோ": 13280,
  "காலி_எடை_கிலோ": 4640,
  "நிகர_எடை_கிலோ": 8640,
  "நிறைவு_நேரம்": "2025-05-25 01:40:00 +05:30"
}

ஏழே வரிதான், ஆனால் ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. சீட்டு எண்ணில் மேடையின் பெயரும் சேர்ந்திருக்கிறது, ஏனென்றால் நாளை இரண்டாவது எடைமேடை போட்டால் அதிலும் 4518 வரும். வழங்குநரின் பெயர் இல்லை, குறியீடுதான் இருக்கிறது. அலகு புலப் பெயரிலேயே ஒட்டியிருப்பதால் கிலோவா டன்னா என்ற கேள்வி எழாது. மொத்தமும் காலியும் இருக்கும்போது நிகரம் எதற்கு என்று கேட்கலாம். பெறுபவர் கழித்துப் பார்த்துச் சரிபார்க்கத்தான். பொருந்தாவிட்டால் வாங்க மறுத்துவிடலாம்.

நேரத்தின் வாலில் தொங்கும் +05:30 அலங்காரம் இல்லை. பல சர்வர்கள் நேரத்தை யுடிசி என்ற உலகப் பொதுநேரக் கணக்கில் வைக்கும், நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முந்தியது. 25ஆம் தேதி அதிகாலை 1:40 என்பது யுடிசியில் 24ஆம் தேதி இரவு 8:10. மாங்காய்க்கு விலை நாளுக்கு நாள் மாறும். பருவத்தில் வண்டிகள் விடிய விடிய வரும். நள்ளிரவு முதல் அதிகாலை 5:30 வரை இறங்கிய லோடு எல்லாம் முந்தைய நாள் விலையில் கணக்காகிவிட்டால், எங்கே பிழை என்று கண்டுபிடிக்கவே ஒரு வாரம் ஆகும்.

கேட்டு வாங்குவதும் மொத்தமாக அள்ளுவதும்

சேவை ஒவ்வொரு சீட்டாகப் பதில் சொல்லும். ‘4518இன் எடை என்ன?’ என்ற கேள்விக்கு அது போதும். ‘இந்தப் பருவத்தில் போச்சம்பள்ளி பக்கத்திலிருந்து வந்த மாங்காயின் சராசரி பிரிக்ஸ் என்ன, அதில் எத்தனை டிரம் கூழ் கிடைத்தது?’ என்று முதலாளி கேட்டால், பல ஆயிரம் சீட்டுகளை ஒவ்வொன்றாக ஜன்னலில் கேட்பது கிறுக்குத்தனம். அதற்கு எல்லா இடத்திலிருந்தும் தரவை அள்ளி, வடிவத்தைச் சீராக்கி, ஒரு தனித் தரவுத்தளத்தில் கொட்ட வேண்டும். எடு, மாற்று, ஏற்று என்ற அந்த வேலைக்கு இடிஎல் என்று பெயர். இரவு 2 மணிக்கு ஒருமுறை ஓடினால் போதும்.

மூன்றாவது வகை ஒன்றும் உண்டு: கேட்காமலே சொல்வது. சீட்டு முடிந்தவுடன் எடைமேடை ‘4518 முடிந்தது’ என்று ஒரு செய்தியை வரிசையில் போடுகிறது. ஆய்வகமும் கணக்குப் பிரிவும் தத்தம் வசதிக்கு எடுத்துக்கொள்கின்றன. கணக்குப் பிரிவின் கணினி அணைந்திருந்தாலும் செய்தி வரிசையில் காத்திருக்கும். மின்வெட்டு சகஜமான இடங்களில் இந்தக் காத்திருப்புக்கு மதிப்பு அதிகம்.

ஒரு நிறுவனத்துக்கு இந்த மூன்றும் வேண்டியிருக்கும். புதிதாகத் தொடங்குபவர்கள் சறுக்குவது, ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் அதிலேயே செய்யப் பார்க்கும்போதுதான்.

கருவிகள்

அப்பாச்சி கேமல் 2007இல் வந்தது. முந்நூறுக்கும் மேற்பட்ட இணைப்பிகள் அதில் உண்டு: கோப்பு, மின்னஞ்சல், தரவுத்தளம், எஃப்டிபி, ஏபிஐ எல்லாம். ‘இங்கிருந்து எடு, இப்படி மாற்று, அங்கே கொடு’ என்று வழித்தடம் எழுதுவதுதான் வேலை. ஜாவா தெரிந்தவர் வேண்டும், ஆனால் சின்ன வழித்தடங்களுக்கு ஒரு ஜிபி நினைவகமே தாராளம்.

அப்பாச்சி நைஃபை அமெரிக்க தேசியப் பாதுகாப்பு முகமையில் பிறந்து 2014இல் அப்பாச்சி அறக்கட்டளைக்குக் கொடுக்கப்பட்டது. பிரவுசரில் பெட்டிகளை இழுத்துக் கோடு போட்டே தரவோட்டத்தை அமைக்கலாம். எந்தப் பெட்டியில் எத்தனை செய்தி தேங்கி நிற்கிறது என்று கண்ணால் பார்க்க முடிவது பெரிய வசதி. நினைவகத்தில் நான்கு ஜிபியாவது அதற்கென்று ஒதுக்கினால்தான் நிம்மதி.

இரவு நேர இடிஎல்லுக்கு அப்பாச்சி ஹாப். பென்டாஹோவின் கெட்டில் என்ற பழைய இடிஎல் கருவியிலிருந்து பிரிந்து வளர்ந்தது, படம் வரைவதுபோல வேலை. ஏபிஐ நுழைவாயிலும் ஒருங்கிணைப்பும் சேர்ந்து வேண்டுமானால் டபிள்யூஎஸ்ஓ2 இருக்கிறது. 2005இல் இலங்கையில் தொடங்கிய நிறுவனம். தரவுத்தளத்தில் ஒரு வரி மாறியவுடன் அதைச் செய்தியாக்கித் தருவது டெபீசியம். போஸ்ட்கிரஸ், மைஎஸ்க்யூஎல், எஸ்க்யூஎல் சர்வர் போன்றவற்றோடு ஓடும், ஆக்சஸ் கோப்போடு ஓடாது. செய்தி வரிசைக்கு ரேபிட்எம்க்யூ.

காஃப்கா? அது லிங்க்ட்இன்னில் உருவாகி 2011இல் திறக்கப்பட்டது. நொடிக்கு லட்சக்கணக்கான செய்திகளைத் தாங்கும். ஒரு நாளில் முந்நூறு சீட்டு போடும் ஆலைக்கு அது டாடா ஏஸில் போகும் சரக்குக்கு டிரெய்லரை அழைப்பதுபோல. ரேபிட்எம்க்யூ போதும். போஸ்ட்கிரஸில் ‘அனுப்ப வேண்டியவை’ என்று ஓர் அட்டவணை வைத்தாலே பல இடங்களில் போதும்.

மென்பொருள்களுக்கு நடுவே செய்திகளைக் கொண்டுபோகும் பொதுத் தடத்தை எண்டர்பிரைஸ் சர்வீஸ் பஸ் என்று சொல்வார்கள். பெயரில் பஸ் இருக்கிறதே என்று கையில் கிடைத்ததை எல்லாம் ஏற்றிவிடக் கூடாது. ‘பிரிக்ஸ் குறைந்தால் விலையில் இவ்வளவு பிடி’ என்ற விதி கொள்முதல் மென்பொருளுக்குள் இருக்க வேண்டும். வசதிக்காக அதை பஸ்ஸில் வைத்தால், இரண்டு வருடத்தில் வியாபார விதிகள் எல்லாம் அங்கே குவிந்துவிடும். பதினைந்து நூல்கள் ஒரே கண்டாக ஆனதுதான் மிச்சம், சிக்கல் அப்படியே இருக்கும். தடம் கொண்டுபோய்ச் சேர்க்கட்டும், வடிவம் மாற்றட்டும், அதற்கு மேல் வேண்டாம்.

உரிமத்தைப் படித்துவிட்டுத் தேர்வு செய்யவும். மேலே சொன்ன அப்பாச்சித் திட்டங்கள் அப்பாச்சி 2.0 உரிமத்தில் வருகின்றன, வியாபாரத்தில் தாராளமாகப் பயன்படுத்தலாம். மூலநிரல் கண்ணில் பட்டாலே ஓப்பன் சோர்ஸ் ஆகிவிடாது, பயன்பாட்டுக்குக் கட்டுப்பாடு போடும் உரிமங்களும் உண்டு. இன்னொன்று, திட்டம் யார் கையில் இருக்கிறது என்று பார்க்கவும். டேலண்ட் ஓப்பன் ஸ்டூடியோ பல நிறுவனங்களில் ஓடிய இலவசப் பதிப்பு. 2024 ஜனவரி 31ஓடு அதை நிறுத்திவிட்டார்கள். ஏற்கெனவே இறக்கியது ஓடும், ஆனால் பாதுகாப்புத் திருத்தம் வராது. ஒரே கம்பெனியின் கையில் உள்ள திட்டத்துக்கும், ஓர் அறக்கட்டளையின் கீழ் பலர் சேர்ந்து நடத்தும் திட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் இப்படிப்பட்ட நாளில்தான் தெரியும்.

ஒரு தடத்தை முழுதாகப் போட்டுப் பார்ப்போம்: எடைமேடையிலிருந்து டேலிக்கு

எடைமேடை மென்பொருளில் ஏபிஐ இருக்காது, அது பத்து வருடத்துக்கு முந்தையது. அப்படியானால் ஜன்னலை நாமே கட்ட வேண்டும். ஆக்சஸ் கோப்பை வாசிக்க மட்டும் திறந்து, நிமிடத்துக்கு ஒருமுறை புதுச் சீட்டுகளை எடுத்து, மேலே உள்ள வடிவத்துக்கு மாற்றித் தரும் ஒரு சின்ன நிரல். அந்தக் கோப்பைத் தொடும் உரிமை அது ஒன்றுக்கு மட்டும்தான். எடைமேடைக்காரர் நெடுவரிசையை மாற்றினால் இந்த ஒரு நிரலைத் திருத்தினால் போதும், மற்ற ஐந்து மென்பொருளுக்கும் ஒன்றும் தெரியாது.

புதுச் சீட்டு எது என்று கண்டுபிடிப்பதில் ஒரு குழி இருக்கிறது. ‘கடைசியாக எடுத்தது 4517, அதற்கு மேல் உள்ளதை எடு’ என்று எழுதத் தோன்றும். ஆனால் எடை இரண்டு முறை போடப்படுகிறது: லோடோடு ஒருமுறை, இறக்கிய பின் காலி வண்டியாக ஒருமுறை. 4518 இரவு 9 மணிக்கு மேடையேறி, இறக்குவதற்கு நான்கு மணி நேரம் வரிசையில் நிற்கிறது. அதற்குள் 4530 இறக்கிவிட்டுப் போய்விடுகிறது. நிரல் 4530ஐ எடுத்தவுடன் குறியை அங்கே நகர்த்திவிடும், 4518 முடியும்போது அதைக் கேட்க ஆள் இருக்காது. ஆகவே எண்ணை வைத்துத் தேடாமல், காலி எடை பதிவான நேரத்தை வைத்துத் தேட வேண்டும். ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம் பின்னால் போய், முன்பு பார்த்ததையும் சேர்த்து எடுக்க வேண்டும்.

அப்படிச் செய்தால் ஒரே சீட்டு பல முறை வருமே என்றால், வரும். வரட்டும். இந்தத் துறையில் எந்த வரிசையும் ‘ஒவ்வொரு செய்தியும் சரியாக ஒரே ஒரு முறை’ என்று எளிதில் உத்தரவாதம் தராது. ‘குறைந்தது ஒரு முறை’ என்பதுதான் நடைமுறை. எனவே பெறும் பக்கம், அதே சீட்டு எண் ஏற்கெனவே பதிவாகியிருந்தால் பேசாமல் விட்டுவிட வேண்டும். தரவுத்தளத்தில் சீட்டு எண்ணுக்குத் தனித்துவக் கட்டுப்பாடு, அதாவது ஒரே எண் இரண்டு முறை ஏறக் கூடாது என்ற விதி, போட்டால் வேலை முடிந்தது. இதைச் செய்யாததால்தான் ‘நெட் போய் வந்த பிறகு ஒரே பில் இரண்டாக விழுந்திருக்கிறது’ என்ற புகார்கள் வருகின்றன.

அடுத்து டேலி. அது தன் ஜன்னலை ஏற்கெனவே வைத்திருக்கிறது. அமைப்பில் சர்வராக இயங்கச் சொன்னால், வழக்கமாக 9000ஆம் போர்ட்டில் எக்ஸ்எம்எல் வாங்கிக்கொள்ளும். டேலி திறந்திருக்க வேண்டும், அதில் கம்பெனியும் ஏற்றப்பட்டிருக்க வேண்டும். தேதி 20250525 என்ற வடிவத்தில் போக வேண்டும். அனுப்பியவுடன் ‘கோரிக்கை சரி’ என்று சொல்லும் எச்டிடிபி 200 வந்துவிட்டது என்று சந்தோஷப்பட வேண்டாம். உள்ளே லெட்ஜர் இல்லை என்று வவுச்சரைத் தள்ளியிருந்தாலும் 200தான் வரும். பதிலுக்குள் எத்தனை உருவானது, எத்தனை பிழை என்ற எண்ணிக்கை இருக்கும். அதைப் படித்து, உருவானது ஒன்று என்றிருந்தால் மட்டுமே வெற்றி.

இன்னும் சில முட்கள். டேலியிலிருந்து எடுக்கும் எக்ஸ்எம்எல்லில் சில இடங்களில் எண் 4 கொண்ட கட்டுப்பாட்டுக் குறி வரும். எக்ஸ்எம்எல் 1.0 விதிப்படி அது செல்லாத எழுத்து என்பதால் பல நிரல்கள் அங்கேயே விழுந்துவிடும். படிக்கும் முன் அதை நீக்கிவிடவும். அனுப்பும் பக்கத்தில், வியாபாரியின் பெயரில் ‘&’ குறி இருந்தால் அதை உரிய வடிவத்துக்கு மாற்றாமல் அனுப்பக் கூடாது. சோதனைக்கு உரிமமில்லாத எஜுகேஷனல் முறையில் டேலியைத் திறந்திருந்தால் மாதத்தின் 1, 2, 31 தேதிகளில் மட்டுமே வவுச்சர் ஏறும். இது தெரியாமல் தங்கள் நிரலில் பிழை தேடி ஒரு நாளைத் தொலைப்பவர்கள் ஏராளம். 9000ஆம் போர்ட்டை ஆலைக்குள் உள்ள அந்த ஒரு சர்வருக்கு மட்டும் திறந்துவிடவும். ரௌட்டரில் இணையத்துக்குத் திறந்தால் உங்கள் கணக்குப் புத்தகம் நடுத்தெருவில் கிடக்கிறது என்று அர்த்தம்.

தள்ளப்பட்ட செய்திகளைத் தனி அட்டவணையில் காரணத்தோடு சேர்க்கவும். காலை 9 மணிக்கு அதைத் திறந்து பார்ப்பது யார் வேலை என்று பெயர் சொல்லி முடிவு செய்யவும். ஆள் வைக்காத பிழைப்பட்டியல் குப்பைத்தொட்டிக்குச் சமம். அதோடு, தினமும் இரவு எடைமேடையில் எத்தனை சீட்டு, மொத்தம் எத்தனை கிலோ, டேலியில் எத்தனை வவுச்சர், எத்தனை கிலோ என்று இரண்டு பக்கமும் கூட்டிப் பார்க்கும் ஒரு நிரல். எண்ணிக்கை மட்டும் போதாது, கிலோவும் பொருந்த வேண்டும். பத்து வரி நிரல்தான், ஆனால் மற்ற எல்லாவற்றையும் விட அதிகம் காப்பாற்றுவது இதுதான்.

யார் அந்தக் கோவிந்தன்?

உண்மையான சிரமம் குழாய்களில் இல்லை, பெயர்களில் இருக்கிறது. எடைமேடையில் ‘கோவிந்தன், புதூர்’. ஆய்வகத்தில் ‘மு.கோவிந்தன்’. டேலியில் ‘கோவிந்தன் எம், பர்கூர்’. மூவரும் ஒருவரா? கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டு மாவட்டத்திலும் புதூர் என்ற பெயரில் எத்தனை ஊர் இருக்கிறது என்பது இங்குள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெயரும் ஊரும் வைத்துப் பொருத்தும் நிரல் இங்கே நிச்சயம் தவறும்.

தமிழில் இதற்கு மேல் இரண்டு சிக்கல் உண்டு. ‘கோ’ என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்க முடியும்: க என்பதோடு ோ என்ற ஒரே குறி, அல்லது ஏகாரக் குறியும் காலும் தனித்தனியாக. திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், கணினிக்கு இரண்டும் வேறு. ஒப்பிடும் முன் எல்லாவற்றையும் என்எஃப்சி என்ற சீர்வடிவத்துக்கு மாற்ற வேண்டும். பைத்தானிலும் ஜாவாவிலும் ஒரே வரி வேலை. இரண்டாவது, பழைய மென்பொருளில் பாமினி போன்ற எழுத்துருவில் அடித்த பெயர்கள். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான், எழுத்துரு அவற்றைத் தமிழாகக் காட்டுகிறது. வேறு தரவுத்தளத்துக்குப் போனவுடன் குப்பையாகத் தெரியும். நாம் கட்டிய ஜன்னலிலேயே யூனிகோடுக்கு மாற்றிவிட வேண்டும், உள்ளே விடக் கூடாது.

தீர்வு என்னவென்றால், ஒவ்வொரு வழங்குநருக்கும் ஆலை தானே ஒரு குறியீடு கொடுத்து, அட்டையில் அச்சடித்துக் கையில் தருவது. எடைமேடையில் அட்டையைக் காட்டினால் வ-0372. ஜிஎஸ்டி எண்ணை வைத்துக்கொள்ளலாமே என்றால், மண்டி வியாபாரிக்கு அது இருக்கும், தோட்டத்து விவசாயிக்கு இருக்காது. வியாபாரிகளிடமிருந்து வாங்கும் ஜிஎஸ்டி எண்ணை ஏற்றும்போதே சரிபார்க்கவும்: 15 எழுத்து, முதல் இரண்டு எண் மாநிலம். தமிழ்நாடு 33, கர்நாடகம் 29, ஆந்திரம் 37. எல்லையோர மாவட்டம் என்பதால் மூன்றும் வரும். மாநிலம் மாறினால் வரியின் வகையும் மாறும்.

இதிலிருந்து கிளம்பும் கேள்விதான் முழு வேலைக்கும் அச்சாணி: எந்தத் தரவுக்கு யார் சொந்தக்காரர்? எடைக்கு எடைமேடை. பிரிக்ஸுக்கு ஆய்வகம். வழங்குநர் விவரத்துக்குக் கொள்முதல் பிரிவு. பணம் கொடுத்ததற்குக் கணக்குப் பிரிவு. சொந்தக்காரர் மட்டுமே மாற்றலாம், மற்றவர்கள் வாங்கிப் படிக்கலாம். கணக்குப் பிரிவில் ஒருவர் எடையைத் திருத்த வேண்டும் என்றால் எடைமேடைக்குச் சொல்லி, அங்கே திருத்தி, புதுச் செய்தியாக வர வேண்டும். இதை ஒரு தாளில் எழுதி நான்கு பிரிவும் கையெழுத்துப் போடாமல் மென்பொருளை நிறுவினால், சண்டை அப்படியே இருக்கும், வேகமாக மட்டும் நடக்கும்.

அலகிலும் இதே கதை. சாதாரண பெங்களூராக் கூழ் ஒரு டிரம்மில் 215 கிலோ, அடர்த்தியாக்கியது 228 கிலோ. 20 அடி கண்டெய்னரில் 80 டிரம் என்றால் முன்னது 17,200 கிலோ, பின்னது 18,240. உற்பத்தி மென்பொருள் டிரம் கணக்கிலும் டேலி கிலோ கணக்கிலும் இருந்து, மாற்றும் இடத்தில் 215 என்று நிரலுக்குள்ளேயே எழுதிவைத்திருந்தால், முதல் அடர்கூழ் ஆர்டரில் 1,040 கிலோ உதைக்கும். பெருக்கு எண் பொருளின் விவரத்தோடு இருக்க வேண்டும், நிரலில் இல்லை.

அரசின் ஜன்னல்

நன்றாக வடிவமைத்த சேவைக்கு எடுத்துக்காட்டு பார்க்க வேண்டுமானால் இ-இன்வாய்ஸைப் பார்க்கலாம். 2023 ஆகஸ்ட் 1 முதல் ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டிய நிறுவனங்களுக்கு இது கட்டாயம். பில் விவரத்தை அரசின் தளத்துக்கு ஜேசனாக அனுப்பினால் ஐஆர்என் என்ற 64 எழுத்துக் குறியும் கியூஆர் குறியும் திரும்பி வரும். அந்த ஐஆர்என் விற்பவரின் ஜிஎஸ்டி எண், நிதியாண்டு, ஆவண வகை, ஆவண எண் இவற்றிலிருந்து கணக்கிடப்படுகிறது. அதனால் அதே பில்லை மறுபடி அனுப்பினால் புதிதாக ஒன்று உருவாகாது, ‘ஏற்கெனவே இருக்கிறது’ என்று 2150 எண்ணிட்ட பிழை வரும். முன்னே சொன்ன தனித்துவக் கட்டுப்பாட்டின் அரசுப் பதிப்பு இது. அனுப்பியபின் பதில் வருமுன் நெட் அறுந்தால் தைரியமாக மறுபடி அனுப்பலாம். 2150 வந்தால் அதைத் தோல்வியாக எண்ணாமல், முன்பு கிடைத்த ஐஆர்என்னைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். இதைத் தோல்வி என்று எடுத்துக்கொண்டு பில் எண்ணை மாற்றி அனுப்பும் நிரல்கள் உண்டு. அப்புறம் ஒரே சரக்குக்கு இரண்டு பில். ரத்து செய்ய 24 மணி நேரம்தான் அவகாசம்.

ஓசூரில் வாகன உதிரிபாகம் செய்து தரும் சிறு ஆலைகளுக்கு இதே பாடம் வேறு வாசலில் வரும். சரக்கு கிளம்புமுன் வாங்கும் நிறுவனத்தின் தளத்தில் அறிவிப்பு ஏற்ற வேண்டும், அந்த எண் இல்லாமல் வண்டி கேட்டுக்குள் போகாது.

செலவும் ஆளும்

உரிமக் கட்டணம் இல்லை என்பதால் இலவசம் என்று நினைக்க வேண்டாம். எட்டு ஜிபி நினைவகமும் எஸ்எஸ்டியும் உள்ள ஒரு கணினி, டெபியன் அல்லது உபுண்டு, நல்ல யுபிஎஸ், வேறொரு கட்டடத்தில் காப்புப் பிரதி. இவ்வளவில் மேலே சொன்ன தடம் ஓடும். செலவு ஆளில்தான். ஜாவா தெரிந்த பிள்ளைகள் பெங்களூருக்கு பஸ் ஏறிவிடுகிறார்கள். இரண்டு மணி நேரப் பயணத்தில் இரண்டு மடங்கு சம்பளம் என்றால் யார்தான் நிற்பார்கள்? எனவே கட்டிக்கொடுப்பவர் போன பிறகும் ஓட வேண்டும் என்று எண்ணியே கட்டவும்: வழித்தடங்கள் எல்லாம் நிரலின் ஒவ்வொரு பதிப்பையும் சேமித்துவைக்கும் கிட் (Git) கருவியில், கடவுச்சொற்கள் தனியே, நின்றுபோனால் எதை முதலில் பார்ப்பது என்று தமிழில் ஒரு பக்கம், சர்வர் பக்கத்துச் சுவரில்.

இரண்டே மென்பொருள் வைத்திருக்கும் தருமபுரி புளி வியாபாரிக்கு இதெல்லாம் தேவையில்லை. இரவில் ஒரு சிஎஸ்வி கோப்பை, அதாவது காற்புள்ளியால் பிரித்த எளிய பட்டியலை, ஏற்றினால் போதும். மூன்றாவது மென்பொருள் வந்து, ஒரே எண்ணை இரண்டாவது முறை ஒருவர் அடிக்கத் தொடங்கும் நாளில் யோசித்தால் போதும்.

மாங்கூழ் ஆலைக்குக் காலம் முக்கியம். பருவத்தின் நடுவில் கை வைக்கக் கூடாது. தை, மாசியில் ஒப்பந்தத்தையும் சொந்தக்காரர் பட்டியலையும் எழுதி, போன பருவத்துச் சீட்டுகளை டேலியில் ஒரு சோதனை கம்பெனிக்குள் ஓட்டிப் பார்க்கவும். பங்குனியில் வழங்குநர் அட்டைகளை அச்சடிக்கவும். முதல் லோடு வந்த நாளிலிருந்து கையால் அடிப்பதும் புதுத் தடமும் சேர்ந்தே நடக்கட்டும். இரவுக் கூட்டல் சீட்டிலும் கிலோவிலும் தொடர்ந்து 14 நாள் பொருந்திய பிறகு, கையால் அடிப்பதை நிறுத்தி, கொள்முதல் பிரிவின் நோட்டை மூடலாம்.